முதல் பத்து நாள் வகுப்பு கொடுக்காதீர்கள்

வெளிநாடுகளுக்குத் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற ஓர் அமைப்பின் வழியாக வேறொரு நாட்டுக்குப் போய் ஓராண்டு கணக்குப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பியவள் நான். அந்தப் பிள்ளைகளிடமிருந்து இன்னும் கடிதம் வருகிறது. அந்த ஆண்டில் என் மனதை உறுத்துவது முதல் இரண்டு வாரங்கள் மட்டும்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விடியற்காலையில் விமானம் விட்டு இறங்கி, அரை நாள் பேருந்தில் போய், அறையில் பெட்டியை வைத்தேன். மறுநாள் காலையே வகுப்பு. 41 பிள்ளைகள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். மூன்றாவது பெயரிலேயே திணறினேன். அந்தச் சிறுமி எழுந்து நின்று தன் பெயரை மெதுவாகச் சொன்னாள். திருப்பிச் சொன்னேன், தப்பு. மறுபடி சொல்லிக்கொடுத்தாள், மறுபடியும் தப்பு. நான்காவது முறை தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சரியாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்பது புரிய ஒரு மாதம் ஆனது.

பாடமும் அப்படித்தான் போனது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து ‘புரிந்தது’ என்றது. பத்தாம் நாள் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். கரும்பலகையில் நான் எழுதியது வரிக்கு வரி அப்படியே இருந்தது. நான் தவறாக எழுதி அடித்த இடத்தில் அவர்களும் எழுதி அடித்திருந்தார்கள். தானாகப் போட்ட கணக்கு ஒரு நோட்டிலும் இல்லை.

இத்தனைக்கும் அந்த வகுப்புக்கு ஏற்கெனவே ஓர் ஆசிரியை இருந்தார். யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யார் வீட்டு வேலையால் தாமதமாக வருவார், எந்த இடத்தில் பெருக்கல் தடுக்கும், எல்லாம் அறிந்தவர். நான் வருகிறேன் என்றதும் அவரை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

புது நாட்டில் மனிதன் தடுமாறுவது புதிய விஷயமும் இல்லை. ‘பண்பாட்டு அதிர்ச்சி’ பற்றி மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இலேயே கட்டுரை எழுதிவிட்டார். எப்போது கை குலுக்குவது, எதற்குச் சரி என்பது, எதை மறுப்பது என்று யோசிக்காமலே செய்துவந்த நூறு சின்னச் சின்ன அடையாளங்கள் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம் அது என்கிறார். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பு பீஸ் கோர். 1961இல் தொடங்கிய அதன் தன்னார்வலர்களுக்கு வழக்கமான காலம் 27 மாதம். அதில் முதல் 3 மாதம் போல பயிற்சிக்கே போகிறது. பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி அந்த ஊர் மொழியைப் படிக்கிறார்கள்.

அவ்வளவு காலம் எல்லோராலும் முடியாது, சரி. பத்துப் பள்ளி நாள் போதும். அந்த நாட்களில் வந்தவர் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். 41 பெயரையும் பிள்ளைகளிடமே கேட்டுப் பழகட்டும். ‘மறுபடி சொல்லு’, ‘எப்படிப் போட்டாய்?’ என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரிந்துகொள்ளட்டும். விசாப் பதிவு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு என்று அலைவதும் அதற்குள் முடிந்துவிடும். எனக்கு அதற்கே மூன்று காலை வகுப்புகள் போயின. பத்து நாள் வீணாகிறதே என்பீர்கள். எனக்கு ஒரு மாதமே வீணானது, அதுவும் பிள்ளைகளின் மாதம். அப்புறம், மூன்று நான்கு வாரத்துக்கு மட்டும் ஆள் அனுப்புகிறவர்கள் தனி வகுப்பே கேட்க வேண்டாம். வகுப்பாசிரியருக்குத் துணையாக நின்றாலே பெரிய உதவி.

இன்னொன்று. ஆறாவது வாரம் ஆசிரியர் அறை அலமாரியில் சாக்பீஸ் தேடும்போது ஒரு நோட்டு கிடைத்தது. எனக்கு முன் வந்த தன்னார்வலர் எழுதியது. எதுவரை நடத்தினார், எந்தப் பாடத்தை இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது என்று தேதியோடு குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எப்படி உச்சரிப்பது என்ற குறிப்பு. அந்தச் சிறுமியின் பெயரும் அதில் இருந்தது.

நானும் ஒரு நோட்டு எழுதி அதே அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் ஆள் அனுப்பும் பள்ளிகளிலும் இப்படி நோட்டுகள் கிடக்கும். கேட்டு வாங்கி, அடுத்துப் போகிறவர் விமானம் ஏறும் முன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
திரும்பி வந்த ஓர் ஆசிரியை