சாகாம பொழச்சவங்களுக்கு யார் சார் பதில் சொல்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டடம் இடிஞ்சு விழுந்த செய்தி உங்க பேப்பர்ல வந்தா எல்லாரும் செத்தவங்க எத்தன பேருன்னு பாப்பாங்க, நான் கடைசியில "காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர்"னு ஒரு வரி போடுவீங்களே அதத்தான் தேடுவேன், ஏன்னா எங்க குடும்பம் அந்த ஒரு வரிக்குள்ளதான் மாட்டிக்கிட்டு கெடக்கு.

எங்க அக்கா வீட்டுக்காரரு சென்ட்ரிங் வேலை செஞ்சவரு. மேல கான்கிரீட் போட்டுக்கிட்டு இருக்கும்போதே கீழ முட்டு நழுவி மொத்த ஸ்லாபும் எறங்கிருச்சு, அஞ்சு மணி நேரம் ரெண்டு காலும் அடியில மாட்டி கெடந்தாரு. வெளிய எடுத்தப்ப நல்லாத்தான் பேசுனாரு, தண்ணி கேட்டாரு, பிள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு கேட்டாரு, நாங்களும் தப்பிச்சிட்டாருன்னு நெனச்சோம். மறுநாள் காலையிலயே கான்ட்ராக்டர் ஆளுங்க ஒரு பேப்பரும் மை டப்பாவும் எடுத்துக்கிட்டு வார்டுக்கே வந்துட்டாங்க. ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம், இதுல ஒரு கைநாட்டு மட்டும் வைங்கன்னாங்க. விரல்ல சிமெண்ட் காஞ்சு போயி இருந்ததால ரேகை சரியா விழல, ஈரத்துணியால தொடச்சு விட்டு மறுபடியும் அழுத்தி எடுத்தாங்க. இனிமே எந்த நஷ்டஈடும் கேக்க மாட்டேன், கணக்கு முடிஞ்சதுன்னு அதுல எழுதியிருந்தது எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

மூணாவது நாள் சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போச்சு, அப்புறம் அதுவும் நின்னு போச்சு, டயாலிசிஸ்ல போட்டாங்க. டாக்டர் சொன்னாரு, மணிக்கணக்குல நசுங்கி கெடந்த தசையில இருந்து கழிவு ரத்தத்துல எறங்கி கிட்னிய அடைச்சிடும்னு. 1941லயே, லண்டன்ல குண்டு வீச்சுல இடிஞ்ச வீடுகளுக்கு அடியில இருந்து எடுத்த ஆளுங்க நல்லா பேசிக்கிட்டு இருந்துட்டு சில நாள்ல கிட்னி நின்னு செத்தத பாத்து டாக்டருங்க இத எழுதி வச்சிருக்காங்களாம். 80 வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம் சார். அப்போ காயம் எவ்வளவுன்னு டாக்டருக்கே தெரியாத மறுநாள்ல வாங்குற கைநாட்டுக்கு என்ன சார் அர்த்தம்?

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது அலைச்சல். கான்ட்ராக்டர கேட்டா இடத்துக்காரர போயி பாருங்கன்றாரு, இடத்துக்காரர் நான் வேலைய மொத்தமா அவர்கிட்ட விட்டுட்டேன்றாரு, இன்ஜினியர் என் டிராயிங் சரியாத்தான் இருக்கு, முட்டு குடுத்தது அவங்கன்றாரு. இந்தியாவுல 1923லயே வந்த தொழிலாளர் இழப்பீட்டு சட்டத்துல, கான்ட்ராக்டர் வச்ச ஆளுக்கு அடிபட்டாலும் தன்னோட தொழில் வேலைய கான்ட்ராக்ட் விட்ட முதலாளி நஷ்டஈடு குடுக்கணும், அப்புறம் கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு தெளிவா இருந்துச்சு. தொழிலாளி தன் உரிமைய விட்டுக் குடுத்து எழுதின ஒப்பந்தம் செல்லாதுன்னும் அதே சட்டம் சொல்லுச்சு. இது எதுவுமே அந்த வார்டுல யாரும் எங்களுக்கு சொல்லல.

ரோட்டுல போறவங்க மேல விழுந்தா கதை வேற. 1950 வாக்குல டெல்லி சாந்தினி சௌக்ல டவுன் ஹால் எதிர்ல இருந்த நகராட்சி மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்து ஆளுங்க செத்தாங்க. 80 வருஷ பழைய கட்டடம், அதுல போட்டிருந்த சாந்த வச்சு பாத்தா மேல் மாடிக்கு ஆயுசே 40, 45 வருஷம்தான்னு வழக்குல தெரிஞ்சது. உள்ள இருந்த பழுது வெளிய தெரியலன்னு நகராட்சி சொன்னத சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. ரோட்டோரம் கட்டடம் வச்சிருக்கவன் அப்பப்ப பாத்து பராமரிக்கணும், விழுந்துச்சுன்னா அதுவே சாட்சி, தப்பு இல்லன்னு அவன்தான் நிரூபிக்கணும்னு சொல்லிட்டாங்க. அருமையான தீர்ப்பு சார், அடிபட்டவன் எந்த தூண்ல கம்பி கம்மின்னு தேடி அலைய வேண்டாம். ஆனா அந்த தீர்ப்பு வந்தது 1966ல. சுமார் 15 வருஷம்.

அதனாலதான் கேக்கறேன், முதல்ல காசு குடுங்க, யார் தப்புன்னு அப்புறம் உங்களுக்குள்ள அடிச்சுக்கோங்க. இது நடக்காத காரியம் இல்ல. பிரான்ஸ்ல 1978ல போட்ட சட்டப்படி கட்டடத்துல பெரிய பழுது வந்தா இன்சூரன்ஸ் முதல்ல பணத்த குடுத்து சரி பண்ண வைக்கும், யார் பொறுப்புன்னு பாத்து அவங்ககிட்ட பின்னாடி வசூல் பண்ணிக்கும். செவுத்துல விரிசல் விட்டா இப்படி ஒரு வசதி, மனுஷன் முதுகெலும்பு முறிஞ்சா மட்டும் ஏன் சார் காத்திருக்கணும்? அமெரிக்காவுல சர்ப்சைடுல 2021 ஜூன்ல அடுக்குமாடி விழுந்து 98 பேர் செத்தாங்க, ஏன் விழுந்துச்சுன்னு அரசாங்க ஆய்வு முடியறதுக்கு முன்னாடியே, ஒரே வருஷத்துல 100 கோடி டாலருக்கு மேல சமரசத்துக்கு கோர்ட் ஒப்புதல் குடுத்துச்சு. வங்கதேசத்துல துணி தைக்கிற கம்பெனிங்க இருந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல்ல விழுந்து 1,134 பேர் செத்தாங்க, சுமார் 2,500 பேருக்கு அடி. முந்தின நாளே விரிசல் தெரிஞ்சு அதே கட்டடத்துல இருந்த பேங்க் ஆளுங்கள அனுப்பிட்டாங்க, தைக்கிறவங்கள மட்டும் உள்ள போக சொன்னாங்க. அவங்களுக்கு வேண்டிய 3 கோடி டாலர் நிதி முழுசா சேர 2015 ஜூன் ஆயிருச்சு. கை கால் போனவங்க அந்த ரெண்டு வருஷமும் எத சாப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு தூக்கம் வரல.

இன்னொரு விஷயம், இத யாரும் பேசறதில்ல. எங்க மாமா அடிபட்ட இடத்துல ஆளுங்கள எடுத்து முடிச்ச ரெண்டே நாள்ல ஜேசிபி வச்சு மொத்த இடிபாட்டையும் அள்ளிட்டாங்க. எந்த முட்டு எங்க நின்னுச்சு, கம்பி என்ன சைஸ், கான்கிரீட் என்ன தரம், எல்லாம் லாரியில போயிருச்சு. இப்ப கோர்ட்ல ஆதாரம் எங்கன்னு கேக்கறாங்க. உயிரோட இருக்கறவங்கள எடுக்கறதுதான் முதல் வேலை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அதுக்கப்புறம் கான்கிரீட் துண்டும் கம்பியும் சீல் வச்சு எடுத்து வைக்காம இடத்த சுத்தம் பண்ண விடவே கூடாது. படிக்கறவங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா தயவு செஞ்சு போன்லயாவது எல்லா பக்கமும் படம் எடுத்து வைங்க, ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணு விடாம வைங்க, வக்கீல் படிச்சு பாக்காம எதுலயும் கைநாட்டு வைக்காதீங்க.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் சார். செத்தவங்களுக்கு நிதி அறிவிச்ச செய்தியோட விட்டுடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு நிருபர அனுப்பி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில சேத்தவங்க இப்ப எங்க இருக்காங்க, யாருக்கு என்ன பணம் வந்துச்சு, யார்கிட்ட என்ன எழுதி வாங்கியிருக்காங்கன்னு கேட்டு போடுங்க. எங்க மாமா வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ்ல இருப்பாரு, மத்த நாள்ல வீட்டுலதான் இருக்காரு, எப்ப வந்தாலும் பேசுவாரு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்