அந்த 73 பந்துகள்: டாம்பா பே ரேஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர் பாட்ரிக் சலுப்ஸ்கி, பேஸ்பால் பிரிவுத் தலைவர் எரிக் நியாண்டர், மேனேஜர் கெவின் கேஷ் ஆகியோருக்கு,

வணக்கம். 2008இல் வேலைக்காக புளோரிடா வந்து இறங்கியபோது எனக்கு பேஸ்பாலில் அ, ஆ கூடத் தெரியாது. அந்த வருடம்தான் 'டெவில் ரேஸ்' என்ற பெயரிலிருந்து 'டெவில்' போய் வெறும் ரேஸ் ஆனீர்கள். முந்தைய வருடம் கடைசி இடத்தில் கிடந்த அணி அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸ் என்கிற கடைசிக் கோப்பைத் தொடர் வரைக்கும் போனது. அப்படி ஒரு வருடத்தில் வந்து ஒட்டிக்கொண்டவன் அப்புறம் எங்கே விலகுவது? அன்றிலிருந்து உங்கள் ஆட்டங்களை நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறேன், ஒவ்வொரு பேட்டரும் என்ன ஆனார் என்று கட்டம் கட்டி. எதிரணி ரசிகன் எழுதும் வசையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டுக்காரன் பேசுவதாக நினைத்துப் படியுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கும் அக்டோபரில் நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, வீச விடுங்கள், அப்படி வீசக்கூடிய ஒருவரையாவது விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் 2020 நோட்டில் அக்டோபர் 27ஆம் தேதிப் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். டெக்ஸஸில் ஆர்லிங்டன் மைதானம், வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம், தோற்றால் பருவம் முடிந்தது. முதல் இன்னிங்ஸிலேயே நம் ராண்டி அரோசரேனா ஹோம் ரன் அடித்து 1-0. அதன் பிறகு நம் பிட்சர் பிளேக் ஸ்னெல். எதிரணியான டாட்ஜர்ஸின் பேட்டிங் வரிசையில் முதல் மூன்று பேர் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர். ஆளுக்கு இரண்டு தடவை வந்தார்கள், ஆறு தடவையும் ஸ்ட்ரைக்அவுட், மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியே. என் நோட்டில் அந்த ஆறு கட்டத்திலும் ஒரே எழுத்துதான் இருக்கிறது. ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட் ஆன பிறகு ஆஸ்டின் பார்ன்ஸ் முதல் பேஸ் வரை போகும் ஒரு சிங்கிள் அடித்தார். ஸ்னெல் கொடுத்தது மொத்தமே இரண்டு ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக்அவுட், போட்டது 73 பந்து. அப்போது டக்அவுட்டிலிருந்து கேஷ் கிளம்பி வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் ஸ்னெல்லின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பேனாவை எடுத்து அவர் பெயருக்குக் கீழே கோடு போட வேண்டும், ஆள் மாறினால் அப்படித்தான் குறிக்க வேண்டும், ஆனால் கை வரவில்லை.

ஸ்னெல்லுக்குப் பதிலாக வீச வந்தவர் நிக் ஆண்டர்சன். முதல் ஆளாக வந்த பெட்ஸ் இடது பக்கக் கோட்டோரமாக அடித்து இரண்டாவது பேஸ் வரை ஓடினார், டபுள். பிறகு பிடிக்க முடியாதபடி போன ஒரு பந்து, வைல்ட் பிட்ச், பார்ன்ஸ் ஓடி வந்துவிட்டார், 1-1. சீகர் முதல் பேஸ் பக்கமாக ஒரு தரைப்பந்து அடிக்க, பெட்ஸ் ஹோம் பேஸுக்கு வந்து டாட்ஜர்ஸ் 2-1. எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் ஹோம் ரன், 3-1. கோப்பை அவர்களுக்கு.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இதை விளக்கும்போது முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். கிரிக்கெட்டில் ஒரு பவுலருக்கு இரண்டு ஓவர் கொடுத்து நிறுத்தினால் அப்புறம் இரண்டாவது ஸ்பெல்லுக்கு அழைத்துக்கொள்ளலாம், கேப்டன் தப்புக் கணக்குப் போட்டாலும் திருத்திக்கொள்ள வழி உண்டு. இங்கே வெளியே அனுப்பிய பிட்சர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. போனால் போனதுதான். அதனால்தான் அந்த நிமிடத்தில் யாரை அனுப்புகிறோம், யார் வருகிறார் என்பதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும். வந்தவர் யார்? ஆண்டர்சன் 2020 பருவத்தில் அற்புதமாக வீசியவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அக்டோபரில் அவர் கை ஓய்ந்து போயிருந்தது, அதற்கு முன் வந்த ஆட்டங்களில் வரிசையாக ரன் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கணினியும் தேவையில்லை, என் நோட்டே போதும்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பேட்டர் அதே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பந்து எப்படி வரும் என்று பழகிவிடுகிறது, அடி விழும் வாய்ப்பு கூடுகிறது, பல வருடக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. பெட்ஸை மூன்றாவது முறை பார்க்க விடக்கூடாது என்பதுதான் காரணம் என்று கேஷும் அன்றிரவே சொன்னார். அந்த வருடம் ஸ்னெல் ஒரு ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸை முடித்ததில்லை என்பதும் உண்மை. நாம் அடித்தது ஒரே ஒரு ரன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு ரன்னை வைத்துக்கொண்டு டாட்ஜர்ஸை நிறுத்துவது யாருக்கும் கஷ்டம். ஆனால் அந்தக் கணக்கு ஆயிரக்கணக்கான பிட்சர்களின் சராசரி. அன்றைக்குப் பந்து வீசும் மேட்டில் நின்றது சராசரி ஆள் இல்லை, அந்த இரவின் ஸ்னெல். 162 ஆட்டம் ஆடும் பருவத்தில் சராசரியை நம்பினால் கடைசியில் லாபம்தான். நாளைக்கு ஆட்டமே இல்லை என்கிற இரவில் எதிரே நிற்பவனைப் பார்க்க வேண்டாமா? அன்று தப்பித்திருந்தால் ஏழாவது ஆட்டத்துக்கு சார்லி மோர்டன் தயாராகக் காத்திருந்தார், மோர்டன்!

2008ஐ நினைத்துப் பாருங்கள். பாஸ்டனுக்கு எதிராக அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். நம் பிட்சர் மேட் கார்சா முதல் இன்னிங்ஸிலேயே பெட்ரோயாவிடம் ஹோம் ரன் வாங்கினார், ஆனாலும் அப்போதைய மேனேஜர் ஜோ மேடன் அவரை விட்டு வைத்தார், ஏழு இன்னிங்ஸ் முழுக்க வீசி எட்டாவதுக்கும் வந்தார். ஸ்கோர் 3-1, வெற்றி நமக்கு. கடைசியில் டேவிட் பிரைஸ் என்ற சின்னப் பையன் வந்து முடித்து வைத்தான். ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் 2011இல் பதினோரு ஆட்டங்களைத் தொடங்கி, தானே முழுசாக முடித்தார், பதினோரு ஆட்டம்! அதுவும் இதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான்.

'ஓப்பனர்' யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன். 2018 மே 19 அன்று ஏஞ்சல்ஸுக்கு எதிராக, எப்போதும் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு அனுப்பினீர்கள், மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார், மறுநாளும் அவரே தொடங்கினார். அன்று சிரித்தவர்கள் பிறகு அதையே தங்கள் அணியிலும் செய்தார்கள். பெரிய நகரத்து அணிகள் பணத்தை இறைக்கும் போட்டியில், மூளையை வைத்துத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் நல்ல ஐந்தாவது பிட்சர் இல்லாத நாளில் சமாளிக்கக் கண்டுபிடித்த வழியை, நல்ல முதல் பிட்சர் மேட்டில் நிற்கும் நாளிலும் பிடித்துத் தொங்குவது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, ஆள் மாற்றங்களுக்கு வருகிறேன், இங்கேதான் வயிறு எரிகிறது. அந்த ஆறாவது ஆட்டம் முடிந்து சில நாட்களில் மோர்டனின் 15 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்றீர்கள். டிசம்பர் கடைசியில் ஸ்னெல்லை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். வேர்ல்ட் சீரிஸ் ஆடிய அணியின் முதல் இரண்டு பிட்சர்கள் இரண்டே மாதத்தில் வெளியே! ஸ்னெல்லுக்குப் பதிலாக வந்த லூயிஸ் பாட்டீனோ, பிரான்சிஸ்கோ மெஹியா உள்ளிட்ட நால்வரில் ஒருவர்கூட இங்கே நிலைக்கவில்லை. மோர்டன் அட்லாண்டா போனார். 2021 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில் அடித்த பந்து நேராக வந்து காலில் பட்டு எலும்பு உடைந்தது, உடைந்த காலோடு அடுத்த இன்னிங்ஸுக்கு வந்து எதிரணியின் ஆல்ட்டூவேவை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கிவிட்டுத்தான் நொண்டிக்கொண்டு வெளியே போனார். அட்லாண்டா அந்தக் கோப்பையை வென்றது. அந்த மனிதருக்கு 15 மில்லியன் அதிகம் என்று நினைத்திருக்கிறோம்.

இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். ஷீல்ட்ஸோடு சேர்த்து கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்த வேட் டேவிஸ் 2015இல் அவர்களுடைய கடைசி அவுட்டை எடுத்தார். டெட்ராய்ட்டுக்குக் கொடுத்த பிரைஸ் 2018இல் பாஸ்டன் கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தின் வெற்றி பிட்சர். அதே வருட ஜூலையில் பாஸ்டனுக்குக் கொடுத்த நேதன் யோவால்டிக்கும் கோப்பை வென்றவர்களுக்குத் தரும் அந்த மோதிரம் கிடைத்தது, பிறகு 2023இல் டெக்ஸஸ் சட்டையோடு நம் மைதானத்துக்கே வந்து நம்மை 7-1 என்று வீட்டுக்கு அனுப்பினார். முதல் 13 ஆட்டத்தையும் வென்று தொடங்கி, நாம் 99 ஆட்டம் வென்ற வருடம் அது. அப்புறம் 2025. நம்மிடம் இருந்த ஸ்னெல்லும் டைலர் கிளாஸ்னோவும் டாட்ஜர்ஸ் அணியில். மில்வாக்கிக்கு எதிராக ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், பத்து ஸ்ட்ரைக்அவுட். எட்டு இன்னிங்ஸில் எதிர்கொண்டது 24 பேட்டர்கள்தான், அதாவது கடைசி ஆறு பேர் அவரை மூன்றாவது முறையாகப் பார்த்தார்கள், ஆறு பேரும் அவுட். 2020இல் நாம் பார்க்க மறுத்த காட்சியை ஐந்து வருடம் கழித்து வேறு சட்டையில் பார்த்தேன். டொராண்டோவுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸில் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் தோல்வி என்பதும் தெரியும், மனிதன் என்றால் அப்படியும் நடக்கும். ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் பேஸில், யாரும் அவுட் இல்லாத நிலையில் உள்ளே வந்து மூன்றே பந்தில் ஆட்டத்தை முடித்தவர் கிளாஸ்னோ. அந்த டாட்ஜர்ஸை நடத்தும் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன், 2014 வரை உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்.

விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கிறிஸ் ஆர்ச்சரைக் கொடுத்து கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரை வாங்கியது பேஸ்பாலே பேசிய வியாபாரம். மேத்யூ லிபரடோரைக் கொடுத்து செயின்ட் லூயிஸிலிருந்து அரோசரேனாவைக் கொண்டு வந்தீர்கள், அவர் அந்த ஒரே அக்டோபரில் பத்து ஹோம் ரன் அடித்தார். அவரையும் 2024 ஜூலையில் சியாட்டலுக்கு அனுப்பினீர்கள், கூடவே பரேதஸ், எஃப்லின் என்று அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அந்த வருடம் 80 வெற்றி, 82 தோல்வி, அடுத்த வருடம் 77-85. விற்று வாங்கிக்கொண்டே இருந்தால் அணி எப்போதும் நடுவாந்தரமாக ஓடும், சரிதான். ஒரு பையன் யாருடைய பெயரைப் போட்ட சட்டை வாங்குவது என்று யோசித்துக்கொண்டே நிற்கிறான், அதற்கு என்ன சொல்வது?

விருதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது கேஷின் விருதைக் காட்டுகிறார்கள். 2020, 2021 இரண்டு வருடமும் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் அவர்தான், அதற்கு முழுத் தகுதி அவருக்கு உண்டு, இந்தச் சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு 60 ஆட்டமாகச் சுருங்கிய 2020 பருவத்தில் 40 வென்றது சும்மா இல்லை. ஆனால் அந்த ஓட்டு அக்டோபரின் கோப்பை ஆட்டங்களான பிளேஆஃப் தொடங்கும் முன்பே போட்டு முடிந்துவிடுகிறது, முடிவு மட்டும் நவம்பரில் வருகிறது. அக்டோபர் 27க்கும் அந்த விருதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதேபோல் 2018இல் ஸ்னெல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியபோது அவர் வீசியது 180 இன்னிங்ஸ் சொச்சம், போட்டியில் இருந்த ஜஸ்டின் வெர்லாண்டர் 214. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 1.89, 21 வெற்றி என்று வந்தால் விருது ஸ்னெல்லுக்குத்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. என் வருத்தம், அதற்குப் பிறகு குறைவாக வீசுவதே தகுதி மாதிரி ஆகிவிட்டது. பையன்கள் ஐந்து இன்னிங்ஸ் போதும் என்றே வளர்கிறார்கள், நீங்களும் அப்படியே வளர்க்கிறீர்கள். ஏழாவது இன்னிங்ஸில் களைத்த கையோடு எப்படிச் சமாளிப்பது என்பதை எப்போதுமே செய்து பார்க்காதவனிடம் போய் அக்டோபரில் கேட்க முடியாது.

அணி கைமாறியிருக்கும் இந்த நேரத்தில் கேட்டால் காதில் விழும் என்று நினைக்கிறேன். உங்களிடம் உள்ள பிட்சர்களில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், விரும்பிய அணிக்குப் போகும் உரிமை அவருக்கு வருவதற்கு முன்பே நீண்ட ஒப்பந்தம் போடுங்கள், விலை ஏறும்போது விற்காதீர்கள். கீழ்நிலை லீகுகளில் வளரும் பிட்சர்களுக்கு மாதம் ஓரிரு ஆட்டமாவது பேட்டர்களின் மூன்றாவது சுற்றையும் பார்க்க விடுங்கள். கேஷ் சார், உங்களிடம் ஒன்று: அடுத்த முறை அப்படி ஒரு இரவு வந்தால் படியேறி மேட்டுக்குப் போங்கள், ஆனால் கையை நீட்டிப் பந்தைக் கேட்பதற்கு முன் "எப்படி இருக்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள்.

அன்புடன்,
2008இலிருந்து உங்கள் ஆட்டத்தை நோட்டில் எழுதும் ஒரு ரசிகன்