ரப்பர் சிரட்டையும் 226-ஆம் இடமும்

அன்புள்ள பாலா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, அவரைப் போலவே. உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள், இப்போது ஒரு சேதி சொல்லியாக வேண்டும்.

இதுவரை சிக்குன்குனியா ரத்த மாதிரியில் 'பாசிட்டிவ்' என்று எழுதி ஃப்ரீசருக்குள் தள்ளுவதோடு எங்கள் ஆய்வக வேலை முடிந்துவிடும். இனி அந்த வைரஸின் மரபணுவை முழுதாகப் படிக்கவும் அனுமதி வந்துவிட்டது! "எந்த வைரஸா இருந்தா என்ன, அதே பாராசிட்டமால்தானே" என்று ரயிலில் கேட்டாயே, மாத்திரை மாறாதுதான். ஆனால் கொசு மாறும்டா.

2005-06ல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் ஏறக்குறைய 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவர், மூட்டைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். வீட்டுத் தண்ணீரில் வளரும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு அங்கே அபூர்வம், இருந்ததெல்லாம் அல்போபிக்டஸ் என்கிற புலிக்கொசு. தொடக்கத்தில் எடுத்த வைரஸ்களில் வைரஸின் மேலுறையிலுள்ள இ1 புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. சில மாதம் கழித்து எடுத்தவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அதே இடத்தில் வாலின் என்ற வேறு அமினோ அமிலம். சுமார் 11,800 எழுத்து நீளமுள்ள அதன் ஆர்என்ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும் இதற்கு. 2007ல் ஆய்வகத்தில் சோதித்தபோது, மாறிய வைரஸ் புலிக்கொசுவை முன்பைவிட மிக எளிதாகத் தொற்றியது.

நம் கதை இதைவிட சுவாரசியம். 2006ல் இந்தியாவில் பரவியதில் அந்த மாற்றம் இல்லை, 2007ல் கேரளத்தில் எடுத்ததில் இருந்தது. ரீயூனியனிலிருந்து யாரோ கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். மற்ற எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அது 2006 இந்திய வைரஸின் பிள்ளை, அதே மாற்றம் அதற்கு இங்கேயே தனியாக வந்திருக்கிறது. ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டையில் மழைநீர், அதில் புலிக்கொசு. குலசேகரம் பக்கம் நாம் சுற்றிய ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பார். அதே ஆண்டு கேரளத்திலிருந்து போன ஒருவர் வழியாக இத்தாலியில் ரவென்னா பக்கத்துக் கிராமங்களில் 200 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். அப்புறம் சிக்குன்குனியா வைரஸிலேயே ஆசிய வகை என்று ஒன்று உண்டு. அதன் இ1 புரதத்தில் 98-ஆம் இடத்து அமினோ அமிலம் வேறு. 226 மாறினாலும் அதற்குப் பெரிய லாபம் கிடைக்காதபடி அது தடுத்துவிடுகிறது. இப்போது சொல், வெறும் 'பாசிட்டிவ்' அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்ப்பதா, தோட்டத்துச் சிரட்டையைக் கவிழ்ப்பதா?

சரி, இனி என் கவலை. மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? பெரும்பாலும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து. பால்வெட்டுகிறவர் காய்ச்சலோடு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார், மூட்டு வலி விடாமல் போகவே தாமதமாக வருகிறார், அதற்குள் ரத்தத்தில் வைரஸ் தீர்ந்துபோகிறது. வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையில் சிடி எண் (அது கூடக் கூட வைரஸ் குறைவு) 30-ஐத் தாண்டிய மாதிரியில் மரபணு முழுதாகக் கிடைப்பதே பாடு. இதை வைத்து எந்த வைரஸ் எதிலிருந்து வந்தது என்று காட்டும் வம்சாவளி மரம் வரைந்தால் வைரஸ் நகரத்திலிருந்து தோட்டத்துக்குப் போனதாக அழகாகக் காட்டும், உண்மையில் அது எதிர்த்திசையில் வந்திருந்தாலும். படம் அழகாக இருந்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள், எங்கள் பெரியவர் உடனே அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்!

இன்னொன்று, ஒருவர் உடம்புக்குள்ளேயே வைரஸ் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பான்மை எழுத்தை மட்டும் எடுத்தால் 226-இல் இப்போதுதான் தலைகாட்டும் சிறுபான்மை தெரியாமலே போகும். அதைத் தேடலாம், ஆனால் பிசிஆர் செய்யும் பிழையும் அச்சு அசல் அதே போல இருக்கும். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாக இரண்டு முறை ஓட்டி, இரண்டிலும் வருவதை மட்டும் நம்ப வேண்டும். இரட்டிப்புச் செலவு என்றதும் கணக்குப் பிரிவு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இங்கேதான் நீ வருகிறாய், புள்ளியியல் புலியே. எங்கிருந்து எத்தனை மாதிரி வந்தது என்ற ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்தும் மரம் வரையலாமா, அல்லது நகரத்து மாதிரிகளில் கொஞ்சம் கழித்துவிட வேண்டுமா? தேதியும் ஊரும் உள்ள பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன், நோயாளி பெயர் எதுவும் இருக்காது. மழை தொடங்குவதற்குள் சொன்னால் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சல் வந்த முதல் நாட்களிலேயே ரத்தம் எடுக்கக் கேட்டுப் பார்ப்பேன். சுமதியிடம் கேட்டதாகச் சொல். அவள் ஊறுகாய் பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை.

உன்
செந்தில்