நட்சத்திரம்போலத் தெரிந்த அம்புகள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

நீ வாங்க நினைக்கும் பழைய துவக்கைப் பற்றி லண்டனிலிருந்து அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மகனின் கணினியில் பெரிதாக்கி இரண்டு இரவு பார்த்தேன். "மாமாவுக்கு இந்த வயதில் துவக்கு ஆசை" என்று மருமகள் சிரிக்கிறாள். ஒரு காலத்தில் அந்தச் சொல்லையே இந்த ஊரில் குரல் தாழ்த்தித்தானே சொன்னோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது விக்டோரியா காலத்துப் பிரித்தானியப் படைத்துவக்கான மார்ட்டினி ஹென்றிதான், சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒருவர் கையும் படாமல் அப்படியே இருக்கிறது என்று விற்பவர் சொல்கிறாரே, அதைத்தான் நான் நம்பவில்லை.

வலப்பக்கத்தில் கிரீடம், விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர்., செய்த ஆலையின் பெயரான என்ஃபீல்ட், 1878, அதற்குக் கீழே ரோம இலக்கத்தில் இரண்டு. இரண்டாம் மார்க், அதாவது இதன் இரண்டாவது வடிவம், வந்தது 1877இல், ஆகவே ஆண்டு பொருந்துகிறது. கைபர் கணவாய்ப் பக்கத்துக் கொல்லர்கள் செய்த நகல்களில் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். 'என்' கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும். விக்டோரியா ராணி இறந்தது 1901இல். அதற்குப் பிந்திய ஆண்டையும் அவர் முத்திரையோடு அடித்து வைத்திருப்பார்கள். எழுத்துத் தெரியாதவன் அதைச் சித்திரமாகப் பார்த்து வெட்டினால் அப்படித்தான் வரும். நேபாளத்தில் செய்த கஹேந்திரா என்ற துவக்கு வெளியே பார்த்தால் இதன் இரட்டைப்பிள்ளை. உள்ளேதான் வித்தியாசம்: அதில் பட்டைவில், இதில் சுருள்வில். பூட்டைப் பிரித்து எடுத்த உன் ஏழாவது படத்தில் சுருள்வில் தெளிவாகத் தெரிகிறது.

குழலில் நட்சத்திரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது இரண்டு அம்புகள், நுனியோடு நுனி முட்டி நிற்கின்றன. ஒற்றை அம்பு அரச உடைமை என்பதற்கு. எதிரே இன்னொன்றை அடித்தால் படையிலிருந்து கழித்து விற்றாயிற்று என்று பொருள். எங்கள் வீட்டுக் குறட்டிலும் அந்த ஒற்றை அம்பு இருந்தது, நினைவிருக்கிறதா? அப்பா இங்கே பிரித்தானியக் கடற்படை டொக்யாட்டில் ஃபிட்டராக இருந்தவர். வெள்ளைக்காரன் 1957இல் போனான், குறடு எங்களோடு நின்றுவிட்டது. எப்படி என்று கேட்காதே.

இனிக் கட்டையைப் பார். அடிக்கட்டையின் இரும்புத் தகடு மரத்தைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்கிறது. முதலில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்திருக்கும். யாரோ மண்தாள் போட்டுத் தேய்த்து மரத்தைக் குறைத்துவிட்டார்கள். கட்டையிலிருக்கும் வட்ட முத்திரை அரைநிலாவாகத் தேய்ந்ததும் அதனால்தான். இரும்பில் குழிகள் இருப்பதில் அதிசயமில்லை. கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும், துடைக்காமல் விட்டால் கறள் தின்னும். ஆனால் குழிக்குள்ளும் இரும்புக்கு ஏற்றும் அந்தக் கருநீல நிறம் பளபளக்கிறதே! கறள் தின்றபின் போட்ட நிறம் அது. எழுத்துகளின் விளிம்பும் சவர்க்காரத்தில் வெட்டியதுபோல் மழுங்கியிருக்கிறது. நிறத்துக்கு முன்பு மினுக்கியிருக்கிறார்கள்.

ஆற்றாமையோடு சொல்கிறேன், ஏனென்றால் நானும் அதைச் செய்தவன். ஒல்லாந்தர் கடற்கரையில் நாம் கண்டெடுத்த செப்புக்காசைப் புளியும் சாம்பலும் போட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தேனே. ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. எழுத்துப் பளிச்சென்று வந்தது, காசு செத்துவிட்டது. கொழும்பில் ஒருவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். இன்னும் என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது.

என்னைக் கேட்டால் வாங்கு. ஆனால் பழுதுபார்த்த துவக்குக்கு உரிய விலையைக் கொடு, அவர் கேட்பதைக் கொடுக்காதே. அதற்கு முன் இரண்டு வேலை செய். குழலை அளந்து பார், 33 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். வாய்ப்பக்கம் வெளிச்சம் அடித்து உள்ளே சுருண்டு ஓடும் பள்ள வரிகளை எண்ணு, ஏழு இருக்க வேண்டும். குறைந்த நீளமென்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள், அப்போது இன்னும் பேரம் பேசலாம். வீட்டுக்கு வந்தபின் எண்ணெய்த் துணியைத் தவிர வேறொன்றும் அதில் படக்கூடாது.

இங்கே மாரி மழை பிந்துகிறது. என் முழங்கால் மட்டும் பிந்தாமல் நோகிறது. கோட்டை மான்கள் இப்போது சந்தை வரை வருகின்றன. நேற்று ஒரு கொம்பன் மரக்கறிக் கடையில் கீரைக்கட்டைக் கவ்விக்கொண்டு நடந்தது, கடைக்காரி விலை சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அளந்ததும் எழுது.

உன்,
வகுப்பில் கடைசி வாங்குக்காரன்