301-ஆம் பகுதிக்கு என்னை அழைத்துச் சென்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 ஹங்கேரி எழுச்சி பற்றிய என் கட்டுரைத் தொடர் சென்ற வாரம் நிறைவுபெற்றது. அதற்காகப் புதாபெஸ்ட் வந்திருந்த நாட்களில் எனக்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கோர்வின் சந்தில், சோவியத் டாங்கிகளைச் சிறுவர்கள் பெட்ரோல் குண்டுகளோடு எதிர்த்து நின்ற இடங்களைப் பொறுமையாகக் காட்டியதோடு, எழுச்சி நாட்களில் பிரதமராக இருந்தவரை 'இம்ரே நாகி' என்றே எழுதிவந்த என்னைத் திருத்தி, குடும்பப் பெயரை முன்வைத்து 'நாட்ய் இம்ரே' எனச் சொல்லப் பழக்கிய மொழிபெயர்ப்பாளத் தம்பிக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஒன்பது வயதில், நடுவில் இருந்த கம்யூனிச அரசுச் சின்னத்தை வெட்டியெடுத்த கொடி பறந்ததைச் சன்னலில் நின்று பார்த்த நீங்கள், முழங்கால் வலியோடு நகரின் கோடியிலுள்ள கல்லறைத் தோட்டம் வரை என்னோடு வந்தீர்கள். 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்ட பிரதமரைத் தார்க்காகிதத்தில் சுற்றிக் கம்பியால் கட்டி, பின்னர் ஒரு பெண்ணின் பெயரில் பதிவுசெய்து, முகம் மண்ணைப் பார்க்கப் புதைத்திருந்த 301-ஆம் பகுதியில், செதுக்கிய மரத்தூண்களில் ஒன்றின் வெடிப்பை விரலால் தடவியபடி நெடுநேரம் பேசாமல் நின்றீர்கள். முப்பது ஆண்டுகள் உங்கள் வீட்டில் அந்தப் பிரதமரின் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை என்று பிறகு சொன்னீர்கள்.

அந்த எழுச்சி, சோவியத் படை அதை நசுக்கப் புறப்பட்ட நவம்பர் 4-க்குப் பிறகு தோற்றுப்போனது என்றே நான் படித்திருந்தேன். சுமார் 2,500 பேர் மாண்டதும், ஏறக்குறைய 2,00,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறியதும் எனக்கு வெறும் எண்களாகவே இருந்தன. சொல்லாமலே காத்த நினைவுதான் 1989 ஜூன் 16 அன்று வீரர் சதுக்கத்தில், நாட்ய் இம்ரேயையும் தோழர்களையும் மறு அடக்கம் செய்யும் முன் வைத்திருந்த ஆறு சவப்பெட்டிகளின் முன் மக்களைத் திரட்டியது என்பது உங்கள் அருகில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. ஆறாவது பெட்டியைப் பெயர் தெரியாதவர்களுக்காக வெறுமையாக வைத்திருந்தார்கள் என்று சொல்லும்போது மட்டுமே உங்கள் குரல் தழுதழுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று, எழுச்சி தொடங்கிய நாளிலேயே, புதிய குடியரசு அறிவிக்கப்பட்டது.

பூவுக்கு நான் நீட்டிய காசை நீங்கள் வாங்கவில்லை. இம்மடலைத் தம்பி உங்கள் மொழியில் படித்துக் காட்டுவார். வரும் அக்டோபரில் அந்தத் தூணடியில் எனக்காகவும் ஒரு பூ வையுங்கள், அம்மா.

நன்றியுடன்,
கட்டுரையாளன்