மாசு பரவல் கணிப்பில் கடற்காற்றுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர், மணலி பகுதிகளில் அனல்மின் நிலையத்தையோ தொழிற்சாலையையோ புதிதாக அமைக்கவோ விரிவாக்கவோ விண்ணப்பிக்கும்போது, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி தயாராகும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். இப்போது காற்றில் உள்ள மாசு இவ்வளவு, புதிய புகைபோக்கியால் கூடப்போவது இவ்வளவு, இரண்டையும் சேர்த்தாலும் தேசிய வரம்புக்குள்தான் இருக்கும் என்று அது சொல்லும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மக்கள் மூச்சுத் திணறலைப் பற்றிக் கேட்டாலும் அந்த அட்டவணையே பதிலாக வருகிறது. ஆனால் கூடப்போவதாகச் சொல்லப்படும் அளவு, ‘ஏர்மாட்’ போன்ற கணினி மாதிரி கணித்துத் தந்தது. அந்தக் கணிப்பு எங்கள் கரையோரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே என் கேள்வி.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-இல் ஏற்றுக்கொண்ட ஏர்மாட், ஒவ்வொரு மணி நேரத்திலும் காற்று ஒரே திசையில் ஒரே சீராக வீசுவதாக வைத்துக்கொண்டு புகையின் பரவலைக் கணக்கிடுகிறது. காற்று அப்படி வீசும் உள்நாட்டுச் சமவெளிகளுக்கு அது நல்ல கருவிதான். கடலோரத்தில் நடப்பது வேறு. கோடையில், காலையில் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்த புகை, கடற்காற்று எழுந்ததும் ஊர்ப் பக்கம் திரும்புகிறது. கடலின் மேலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் மேல்கீழ்க் கலப்பு குறைவு என்பதால், உயரத்தில் வெளியேறும் புகை கலையாமலே உள்ளே நகர்கிறது. அதே நேரத்தில், சுடும் நிலத்தை ஒட்டிக் கொந்தளிக்கும் காற்றடுக்கு கரையிலிருந்து உள்ளே போகப் போக உயர்ந்துகொண்டே போகிறது. அது புகையை எட்டும் இடத்தில் புகை மொத்தமாகத் தரைக்கு இழுத்து இறக்கப்படுகிறது. அந்த இடம் புகைபோக்கியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மக்கள் நெருங்கி வாழும் தெருக்களாகவும் இருக்கலாம். புகைபோக்கி 275 மீட்டர் உயரம் என்பதால் பயமில்லை என்ற வாதம் அந்த வேளையில் செல்லாது. ஏர்மாட்டின் வழக்கமான கணக்கில் இந்த நிகழ்வுக்கு இடமே இல்லை.

மழைக்காலம் தவிர்த்த ஏதோ ஒரு பருவத்தின் அளவீடுகளைக் கொண்டே பெரும்பாலான அறிக்கைகள் எழுதப்படுவது இன்னொரு குறை. கோடையில் அளந்தால் காற்றே அசையாத ஜனவரி இரவுகள் விடுபடும். ஜனவரியில் அளந்தால் கடற்காற்று வலுத்து வீசும் கோடைப் பகல்கள் விடுபடும். கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறுவதும் இக்கணக்குகளில் பெரும்பாலும் வருவதில்லை. 2009-ஆம் ஆண்டிலேயே கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலி இடம்பெற்றது என்பதை நினைக்கும்போது, இவற்றைச் சிறு குறைகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது, கணித்தது சரியா என்று பிறகு சரிபார்க்கும் கட்டாயம் இல்லாததுதான். அனுமதி பெற்ற நிறுவனங்கள் நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை தருகின்றன. ஆனால், அளந்த மாசையும் அன்று கணித்த மாசையும் அருகருகே வைத்துக் காட்டும்படி அவற்றிடம் கேட்கப்படுவதில்லை. புகைபோக்கிகளில் பொருத்திய கருவிகளின் அளவீடுகள் இணையவழியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தொடர்ந்து போகின்றன. மணலியில் காற்றின் தரத்தை இடைவிடாது அளக்கும் நிலையங்களும் இருக்கின்றன. உண்மையில் வெளியேறிய மாசையும் அதே மணி நேரத்தின் காற்றையும் மாதிரிக்குள் இட்டு, கிடைக்கும் விடையை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டால், மாதிரி எந்த வேளையில், எந்தக் காற்றில் தவறுகிறது என்பது தெரிந்துவிடும்.

இத்தகைய கணினி மாதிரிகளைப் பயன்படுத்துவது பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1998-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் புதுப்பிக்க வேண்டும். கடலோரத் திட்டங்களுக்கு ஓராண்டு முழுவதற்குமான மணிவாரி வானிலைத் தரவையும், ‘கால்பஃப்’ போல மாறும் காற்றையும் கரையோரக் காற்றடுக்கையும் கையாளக்கூடிய மாதிரியில் இன்னொரு கணிப்பையும் கட்டாயமாக்க வேண்டும். கணித்த மாசின் அளவை வட்ட வட்டமாகக் கோடு போட்டுக் காட்டும் வரைபடத்தை மட்டும் அச்சிடாமல், கணினிக்குள் இட்ட கோப்புகளையும் அறிக்கையோடு வெளியிட்டால்தான் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க முடியும். எண்ணூரில் அடுத்ததாக அனுமதி பெறும் திட்டத்தின் நிபந்தனைகளிலேயே, கணித்த மாசையும் அளந்த மாசையும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற வரியைச் சேர்க்கும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னை வாசகர்