பெருங்குடலும் பென்சில் கருக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கலத்தின் கருவை அளந்து பெருங்குடல் புற்றுநோயை முளையிலேயே பிடிக்கலாம் என்று ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஒரேயொரு திருத்தம். கரு "வீங்கும்" என்று எழுதியிருந்தீர்கள். பெருங்குடலில் அது முதலில் நீளும். உருண்டு பருப்பது பிந்தித்தான்.

மெழுகுக் கட்டியிலிருந்து 4 மைக்ரோமீட்டர் தடிப்பில் இழையம் சீவி, ஹீமடொக்சிலினில் தோய்த்தே காலம் கழித்தவன் நான். அந்தச் சாயம் கருவைப் பிடித்து ஊதாநீலமாக்கும். நல்ல குடற்சுவரில் கருக்கள் கலத்தின் அடியில், பள்ளிக்கூடத்துக் காலைக்கூட்டம் மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். அடினோமா என்ற பொலிப்பில், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதைவளர்ச்சியில், அவை சீவின பென்சில்போல நீண்டு, கறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடிக்கும். அளவுகோலும் அதே கண்ணாடித் துண்டில் கிடக்கும்: பக்கத்திலுள்ள செங்குருதிக்கலம், ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். "சிவப்புக்கலத்தை வைச்சுப் பார், இது எத்தனை மடங்கு?" என்றுதான் எங்கள் நோயியல் வைத்தியர் பயிலவந்த பிள்ளைகளைக் கேட்பார்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆதம் வாக்ஸ் குழுவினர் பிடித்தது வேறு வழி. இழையத்தை வெட்டாமலே ஒளியைப் பாய்ச்சி, அது எந்தெந்தக் கோணத்தில் சிதறித் திரும்புகிறது என்பதைக்கொண்டு கருவின் பருமனைக் கணிக்கிறார்கள். உணவுக்குழாயில் பார்த்த பிறகு பெருங்குடலுக்கு வந்தது. பயொப்சியை, அதாவது சோதனைக்கு வெட்டும் இழையத்துண்டை, எங்கே எடுப்பது என்று வைத்தியருக்குக் காட்டிக்கொடுத்தாலே பெரிய உதவி. (என் வேலைக்கு வேட்டுத்தான், நல்லவேளை ஓய்வுபெற்றுவிட்டேன்.)

ஆனால் அந்த ஒளி குடலுக்குள் போக, ஆள் முதலில் கிளினிக்குக்கு வரவேண்டுமே. மூதூரிலிருந்த என் மாமா மலத்தோடு இரத்தம் போவதை ஒன்றரை வருடம் மூச்சுவிடவில்லை. மாமி கண்டுபிடித்துக் கேட்டபோதும் "மூலம்தான், உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். கடைசியில் காட்டிய இடத்திலும் விரல்விட்டுப் பார்க்காமல் பூச்சுமருந்து கொடுத்து அனுப்பினார்கள். பொலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடம் போல எடுக்கும். மாமாவுக்குக் கிடைத்த அவகாசம் இப்படித்தான் போய்முடிந்தது.

அடுத்த மலரில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் சோதனையைப் பற்றி எழுதுங்கள். குச்சி நுனியளவு போதும் என்பதையும், அதைக் குப்பிக்குள் எப்படி எடுப்பது என்பதையும் படம்போட்டே காட்டுங்கள். எங்கள் சனம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவது அதைத்தான்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.